இடது மதகு

கன்னத்தில் வெள்ளைத் தழும்பு இருந்த அந்த மீனை முதல் தடவை பார்த்தபோது பொத்தானை அழுத்தினேன். மறுநாள் பார்த்தபோதும் அழுத்தினேன். மூன்றாவது தடவை, கை தானாக அழுத்திவிட்ட பிறகுதான், நாற்காலியை விட்டு எழுந்தேன்.

என் வேலையே அதுதான். தடுப்பணையின் வலது ஓரத்தில் மீன்கள் ஏறிப் போவதற்கு ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். தொட்டி தொட்டியாக முப்பத்திரண்டு படி. மேலே கடைசித் தொட்டியின் பக்கச் சுவரில் கண்ணாடி பதித்திருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தரைக்குக் கீழே, ஒரு அறை. ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு, ஆணியில் தொங்கும் எண்ணும் கருவி. சுவரெல்லாம் வியர்க்கும். மீன் மேல்நோக்கிப் போனால் ஒன்று கூட்ட வேண்டும். கீழ்நோக்கி வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான். இரண்டிலிருந்து பத்து வரை என் மச்சினன். அதற்குப் பிறகு படிக்கட்டின் வாயில் பலகை போட்டு மூடிவிடுவோம். முதலில் கேமராதான் வைத்திருந்தார்கள். அறையின் ஈரத்தில் அது ஒரு மாதத்தில் செத்தது. மனிதன் அவ்வளவு சீக்கிரம் சாக மாட்டான் என்று எங்களை உட்கார வைத்தார்கள்.

அணைக்கு மேலே பதினெட்டுக் கிலோமீட்டர் ஆற்றை மூன்று வருடத்துக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்திருந்தார்கள். சரளை அள்ளக் கூடாது, வலை போடக் கூடாது. எல்லாம் கல்கெண்டை என்ற ஒரு மீனுக்காக. முழங்கை நீளம் இருக்கும். மேல் ஆற்றுச் சரளையைத் தவிர வேறெங்கும் முட்டையிடாது. மூன்றாவது வருடப் பருவத்தில் இருநூற்றைம்பது மீன் ஏறினால் அறிவிப்பு நிரந்தரமாகும், எங்கள் இரண்டு பேர் வேலையும் நிரந்தரமாகும். ஏறாவிட்டால் எல்லாம் ரத்து. இது மூன்றாவது வருடம்.

இரண்டு மணிக்கு மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. நாற்காலியில் இருக்கும் என் சூட்டைத் துண்டால் தட்டிவிட்டுத்தான் உட்காருவான்.

"எத்தன மாமா?"

"இருநூத்தி நாலு."

"அப்படிப் போடு. இன்னும் நாப்பத்தாறு. தூங்கிட்டே அடிச்சிடலாம்."

"மாப்ள, கன்னத்துல வெள்ளையா ஒரு தழும்போட ஒண்ணு ஏறுதே, பாத்தியா?"

"பாத்தேனே. ஆணி கிழிச்ச மாதிரி இருக்கும். முந்தாநாள் ஒரு தடவ, அதுக்கு முன்னாடி ஒரு தடவ. ஏன், பொண்ணு கேட்டு வந்திருக்கா?"

"நான் மூணு தடவ பாத்துட்டேன்."

"கீழ எறங்குச்சா?"

"எறங்கவே இல்ல. ஏறுது. ஏறுது. ஏறிக்கிட்டே இருக்கு."

அவன் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தான். "அப்ப அது மூணு மீனு."

"மூணுக்கும் ஒரே தழும்பா?"

"எங்க பெரியப்பா வீட்ல மூணு பேருக்கும் ஒரே மூக்கு. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?" எண்ணும் கருவியை என் கையிலிருந்து பிடுங்கினான். "மாமா, நம்ம வேல எண்ணுறது. மொகம் பாத்துப் பழகுறது இல்ல. கிணறு வெட்டப் போயி பூதத்தக் கிளப்பாதீங்க. வீட்டுக்குப் போங்க."

முகம் பார்க்காமல் எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் முகமாகிவிடுகிறது. வாலின் மேல்பாதி கிழிந்த ஒன்று வந்தது. மறுநாளும் வந்தது. முதுகுத் துடுப்பில் ஒரு முள் குறைந்த ஒன்று. நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நின்றுகொண்டு எண்ணினேன். நடந்துகொண்டே எண்ணினேன், இந்தச் சுவருக்கு நான்கு அடி, அந்தச் சுவருக்கு நான்கு அடி. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். ஆறு நாளில் தழும்பு பதினொன்று, கிழிந்த வால் ஆறு. அதுவும் என் நேரத்தில் வந்தவை மட்டும்.

பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் நகரப் பேருந்தில் நடத்துநர். வேலை முடிந்து வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றி இரண்டு காலையும் அதில் விட்டுக்கொண்டுதான் பேசுவாள்.

"ஒரே ஆளு பதினோரு தடவ என் பஸ்ல ஏறினா பதினோரு டிக்கெட்டு. இதுல என்ன தப்பு?"

"தப்பில்ல."

"அப்பறம் ஏன் சோத்த முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"இந்த ஊர்ல எத்தன பேரு இருக்காங்கன்னு உங்கிட்ட கேட்டா?"

"டிக்கெட்ட எண்ணியா சொல்லுவாங்க?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வாளிக்குள் கால் விரல்களை அசைத்தாள். "என் தம்பி வீடு அந்த வேலையிலதாங்க நிக்குது. எட்டு மாசத்துப் புள்ளத்தாச்சிய அந்த குவார்ட்டர்ஸ விட்டு எங்க கூட்டிட்டுப் போவான்?"

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. மச்சினன் இரண்டு நேரமும் உட்கார்ந்துகொள்வான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோரமாக மேலே போனேன். பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஆற்றுச் சரளையில் எப்போதும் பழுப்பாக ஒரு பாசி படிந்திருக்கும். கல்கெண்டை முட்டையிட வந்தால் வாலால் அடித்து அடித்து அந்த இடத்தைத் துலக்கிவிடும். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி, கரையிலிருந்தே வெளுப்பாகத் தெரியும். இருநூறு மீனுக்கு மேல் ஏறியிருக்கிறது என்றால் ஆற்றின் தரையே வெளுத்திருக்க வேண்டும்.

பதினோரு கிலோமீட்டர் போனேன். பழுப்பு. பழுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

ஒரு வளைவில் சரளை அள்ளும் இயந்திரங்கள் இரண்டு தார்ப்பாய் போர்த்தி நின்றன. பக்கத்தில் காவலாளி போனில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். விடுமுறையிலும் நான் போட்டிருந்த சீருடையைப் பார்த்ததும் சிநேகமாகக் கையாட்டினார்.

"என்ன சார், மீனு வந்துச்சா?"

"வருது."

"வரட்டும் வரட்டும். எங்க முதலாளி அடுத்த வாரத்துக்கு டிரைவர்கள வரச் சொல்லிட்டாரு, எதுக்கும் இருக்கட்டும்னு."

திரும்பி வந்து அணையின் மேல் பாலத்தில் நின்றேன். இரண்டு வருடம் கீழே அறையில் உட்கார்ந்தவன், ஒரு நாள்கூட மேலே நின்று பார்த்ததில்லை. இடது மதகு அந்தக் கரையோரம் மூடிக் கிடந்தது. மீன் படிக்கட்டு மேலே முடியும் இடத்துக்கு நான்கடி தள்ளி வலது மதகு. பலகை அடியிலிருந்து தூக்கியிருந்தது; தண்ணீர் அதற்குக் கீழே சீறிக்கொண்டு போனது. ஒரு குச்சியை ஒடித்துப் படிக்கட்டின் மேல்வாசலில் போட்டேன். ஆறு எண்ணுவதற்குள் குச்சி மதகுக்குள் போய்விட்டது. மறுபக்கம் ஓடிப் பார்த்தேன். நுரைக்குள் குச்சி சுழன்றது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். நுரையில் ஒரு மீன் வயிறு தெரியப் புரண்டு வந்தது. கொஞ்ச நேரம் செத்தது போல மிதந்து, பிறகு மெல்ல நிமிர்ந்து, படிக்கட்டின் அடிவாசலை நோக்கித் திரும்பியது. தழும்பு இருந்ததா என்று தெரியவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது.

முப்பத்திரண்டு படி ஏறிக் களைத்து வெளியே வருகிறது. வந்த இடத்திலேயே மதகு அதை இழுத்துக் கீழே எறிகிறது. மறுபடி ஏறுகிறது. ஏறும்போதெல்லாம் நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒன்று கூட்டுகிறோம். விழுவது கண்ணாடி வழியாக இல்லை. அதனால் கழிப்பதில்லை.

அந்த மதகு திறந்திருக்கும்வரை எண்ணிக்கை ஏறும். மீன் ஏறாது.

மச்சினனிடம் அறையில் வைத்துச் சொன்னேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"இப்ப எத்தன மாமா?"

"இருநூத்தி முப்பத்தொண்ணு."

"இன்னும் பத்தொம்பது. ஆறு நாள் இருக்கு. மதகு இப்படியே கெடந்தா நாலு நாள்ல முடிஞ்சிடும். அறிவிப்பு வரட்டும். அப்பறம் நீங்க எந்த மதக வேணா மூடுங்க, திறங்க, உள்ள போயி படுத்துக்கங்க."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

"ஆறு நாள் போனா பருவம் முடிஞ்சிடும்டா. முட்ட வயித்துக்குள்ளயே கெட்டுப்போகும். ரெண்டு வருசமா அப்படித்தான் கெட்டிருக்கும். அப்பறம் பதினெட்டுக் கிலோமீட்டர்ல எதப் பாதுகாக்குறது? தண்ணியவா?"

"அடுத்த வருசம் வரும்."

"எது வரும்? இருக்கறதே இந்த நாலஞ்சு கெழடுங்கதான் போல."

இப்போது திரும்பினான். "என் பொண்டாட்டிக்கு அடுத்த மாசம் பிரசவம். நீங்க மீனுக்குப் பிரசவம் பாக்க அலையிறீங்க. அக்கா பாவம் மாமா. ஒங்ககூட எப்படித்தான் குப்ப கொட்டுறாளோ."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கண்ணாடியைக் கடந்தது. அவன் பார்க்காமலே அழுத்தினான். எந்த மீன் என்று நானும் பார்க்கவில்லை. பிறகு, பார்க்காமல் அழுத்தியது செல்லாதென்று சொல்லிப் பதிவேட்டிலிருந்து அடிக்க வைத்தேன். அற்பச் சண்டை. ஆனால் அதில் ஜெயித்தேன்.

மதகுக்காரர் பாலத்தின் நடுவில் இருக்கும் தகரக் கொட்டகையில் இருப்பார். பணி ஓய்வுக்கு நான்கு மாதம். அதனால் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"அண்ணே, வலது மதக மூடிட்டு இடதத் திறக்க முடியுமா?"

"இடது மோட்டாரு கருகி ரெண்டு வருசமாச்சு தம்பி. மூணு கடுதாசி எழுதிட்டேன். நாலாவது எழுதினா என்னையே மாத்திருவாங்க."

"உத்தரவு ஏதும் இருக்கா, வலதுதான் திறக்கணும்னு?"

அவர் யோசித்தார். "இவ்வளவு தண்ணி கீழ போகணும்னுதான் உத்தரவு. எந்தக் கதவு வழியான்னு எவனும் எழுதல. பொத்தான அமுக்கினா வலது திறக்கும். அதனால வலது."

"கையால சுத்தினா இடது திறக்குமா?"

"திறக்கும். நானூறு சுத்து. எனக்கு இடுப்பு இல்ல."

"எனக்கு இருக்கு."

"கழுதைக்கு வாக்கப்பட்டா ஒதைக்கு அஞ்சக் கூடாதும்பாங்க," என்று கைப்பிடியை எடுத்துக் கொடுத்தார். "மீனுக்கு வாக்கப்பட்டவன இப்பத்தான் பாக்குறேன்."

முதல் நூறு சுற்றும் கோபத்தில் போயின. அடுத்த நூறில் கோபம் தீர்ந்துவிட்டது, வெறும் இரும்புதான் மிச்சம். முந்நூறைத் தாண்டும்போது உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்தன. துண்டைச் சுற்றிக்கொண்டு சுற்றினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அவர் வந்து தண்ணீர் மட்டம் காட்டும் அளவுகோலைப் பார்த்துவிட்டு வலது பொத்தானை அமுக்கினார். வலது மதகு இறங்கி உட்கார்ந்தது. படிக்கட்டின் வாசலில் தண்ணீர் அப்படியே அசையாமல் நின்றது.

மறுநாள் என் நேரத்தில் ஒன்று. மச்சினன் நேரத்தில் பூஜ்யம். அதற்கடுத்த நாள் இரண்டு, அதில் ஒன்று தழும்பு. ஏறிப் போனது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை.

மச்சினன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். இரண்டு மணிக்கு வந்தால் நான் வெளியே போகும்வரை வாசலிலேயே நிற்பான்; ராத்திரி எண்ணைப் பதிவேட்டில் எழுதி, நான் காலையில் பார்க்கும்படி நாற்காலியில் திறந்து வைத்துவிட்டுப் போவான். மதகுக்காரரிடம் போய் மாற்றச் சொல்லியிருக்கிறான். "ஒங்க மாமா கைய பாத்துட்டு வந்து கேளு" என்றாராம். வீட்டில் பெண்டாட்டி என் உள்ளங்கைக்கு மருந்து போட்டாள். வேண்டுமென்றே அழுத்திப் போட்டாள்.

கடைசி நாள் மத்தியானம் அதிகாரி அம்மா வந்தார். மீன்வளத்தில் பெரிய பதவி. இந்த ஆற்றுக்காக மூன்று வருடமாக மேலிடத்தோடு மல்லுக்கட்டியவர். நேரம் மாறும் வேளை என்பதால் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். பதிவேட்டைப் புரட்டினார்.

"இருநூத்தி முப்பத்தொம்பது. பதினொண்ணு கொறையுதே!" பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "ஒரு நாளைக்கு நாலு அஞ்சுன்னு வந்துக்கிட்டு இருந்தது, ஆறு நாளா ஏன் இப்படிப் படுத்துடுச்சு? ஆறு நாளும் சேத்து எட்டுதான் போட்டிருக்கீங்க."

மச்சினன் என்னைப் பார்த்தான். சொல்லவும் இல்லை, சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டவும் இல்லை.

சொன்னேன். தழும்பு, கிழிந்த வால், குச்சி, நுரை, கைப்பிடி. கடைசிப் பக்கத்துப் பென்சில் கோடுகளைக் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சீட்டில் ஈரம் இருந்தது, கவனிக்கவில்லை.

"இருநூத்தி முப்பத்தொண்ணுல நெசம் எத்தன?"

"தெரியாது மேடம். முப்பது இருக்கலாம். பத்தும் இருக்கலாம். கடைசி எட்டு மட்டும் நெசம்."

"மோட்டார் எப்ப கருகுச்சு?"

"ரெண்டு வருசம்."

"அப்ப போன வருச நம்பரும் குப்ப. அத வச்சுத்தான் நான் மேல..." வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு எடுத்தார். "இத நீங்க சொல்லாம இருந்திருந்தா, ஒரு பதினொண்ணுதானேன்னு நான்..." அதையும் முடிக்கவில்லை. எழுந்தார். "வண்டில ஏறுங்க. மேல என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்."

"நானும் வர்றேன்," என்றான் மச்சினன். "ஒண்ணும் இல்லேன்னா அத நான் என் கண்ணால பாக்கணும்."

முதல் வளைவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மச்சினன் கரையில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வளைவில், தார்ப்பாய் போர்த்திய இயந்திரங்களுக்குக் கொஞ்சம் மேலே, முழங்கால் ஆழத்தில், நாற்காலிப் பலகை அகலத்துக்கு ஒரு வெளுப்பு. அதிகாரி அம்மா தண்ணீரில் இறங்கி ஒரே ஒரு கல்லைத் தூக்கினார். அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக ஒட்டியிருந்தன. பூனை தன் குட்டியை வைப்பது போலக் கல்லை அதே இடத்தில் வைத்தார். மச்சினனும் இறங்கினான். வேறெங்கும் வெளுப்பு இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் குனிந்து தேடினோம்.

"அஞ்சு," என்றார் அவர். "அஞ்ச வச்சுக்கிட்டு பதினெட்டுக் கிலோமீட்டர் கேக்க முடியாது. இந்த வளைவையும் மேல கீழயும் சேத்து நாலு கிலோமீட்டர் கேக்கலாம். குடுப்பாங்களான்னு தெரியாது. பழைய நம்பரெல்லாம் தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டுல்ல கேக்கணும்."

"ஆளு?" என்றான் மச்சினன்.

"நாலு கிலோமீட்டருக்கு ரெண்டு பேர் கேட்டா சிரிப்பாங்க. ஒருத்தர்."

"குவார்ட்டர்ஸ்?"

"அந்த ஒருத்தருக்கு."

"இவனுக்குக் குடுங்க மேடம்," என்றேன்.

"ஒங்க தர்மம் யாருக்கு வேணும்?" ஆறு நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "வேலைய ஒடச்சதும் நீங்க, பிச்ச போடறதும் நீங்களா?"

கரைக்கு அந்தப் பக்கம் காவலாளி எழுந்து நின்று நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"மணி மூணே முக்கால். கண்ணாடி அறையில இப்ப யாரு இருக்கா?"

நானும் மச்சினனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாரும் இல்ல மேடம்," என்றேன்.

"கடைசி நாளு! இன்னிக்கு ஏறினா யாரு எழுதறது?"

மச்சினன் குனிந்தபடியே இருந்தான். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுச் சரளையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏறினா ஏறட்டும் மேடம். ரெண்டு வருசம் எண்ணி என்னத்தக் கிழிச்சோம்? இங்கதான வரப்போகுது, வந்தா இங்க தெரியப்போகுது." அந்தக் குரலில் சமாதானமெல்லாம் இல்லை, கடுப்புதான். மூக்கை மேல்கையில் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தான். நானும் கரையேறத் திரும்பி வலது காலைத் தூக்கினேன்.

"மாமா! அசையாதீங்க!"

அசையவில்லை.

"கால கீழ வைக்காதீங்க. ஒங்க காலுக்கு நேர் கீழ வெளுப்பு ஒண்ணு இருக்கு." தண்ணீரை அலம்பாமல் மெதுவாக என்னை நோக்கி வந்தான். "இடது பக்கமும் இருக்கு போல. இருங்க, பாத்துச் சொல்றேன்."

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒற்றைக் காலில், ஆற்றின் நடுவில் நின்றேன்.